மைனர் அம்மாசி, வயது எட்டு

ஒரு வார்த்தையின் மேல் ஒருத்திக்கு இத்தனை ஆத்திரம் வருமா என்று கேட்காதீர்கள். வரும். எனக்கு வந்திருக்கிறது. அந்த வார்த்தை ‘மைனர்’.

ஏற்காடு ஒண்டிக்கடையில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். என் பெயர் கலா, கடைக்கும் அதே பெயர். சேலத்திலிருந்து கல்யாணமாகி மலை ஏறி வந்தவள். நகல், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று சுற்றுப்பட்டு மலைக் கிராமங்களின் காகிதமெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஆனால் எதையும் நான் படித்ததில்லை. கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடியை அழுத்துகிறவளுக்குப் படிக்க ஏது நேரம்? அது எவ்வளவு பெரிய தப்பு என்று அம்மாசி விஷயத்தில்தான் உறைத்தது.

அம்மாசிக்கு ஊர் மஞ்சக்குட்டைக்கு அந்தப் பக்கம். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அவளுக்கு மூன்று வயதாகும்போது தாய் இறந்துபோனாள். தாய்வழித் தாத்தா சாவதற்கு முன்னால் தன்னுடைய ஒன்றரை ஏக்கரைப் பேத்தி பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்பா பெரியண்ணன் அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கையெழுத்துப் போடுவார், எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். அப்பாவும் மகளுமாக ஜீப் பாதையோரம் இருக்கிற அந்த ஒன்றரை ஏக்கரில் சாமை விதைப்பார்கள். ஓரத்தில் நாலைந்து பலா, கொஞ்சம் காபிச் செடி. அவர்களுக்குச் சோறு, மானம், முகவரி எல்லாம் அந்த நிலம்தான். அம்மாசி ப்ளஸ் டூவில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு எடுத்தவள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு மலை இறங்க மனமில்லாமல் படிப்பை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

2024 ஜூலையில் ஒரு நாள் கடைக்கு வந்தாள். சிறுதானியம் விதைக்கிறவர்களுக்கு ஏதோ உதவித் திட்டமாம், அதற்கு நிலத்தின் சிட்டா வேண்டுமாம். கையில் ஒரு படிவம். அதன் தலைப்பில் ஆங்கிலத்தில் ‘மைனர் மில்லட்ஸ்’ என்று இருந்தது.

“ஏனுங்கக்கா, சாமையுமா மைனரு?” என்று சிரித்தாள்.

“ஏன், வேற யாரு மைனரு?”

“எங்கூர்ல மைனர்னா ஒரே ஆளுதானுங்க. எங்கப்பனோட பெரியப்பன். வெள்ளை வேட்டியும் கழுத்துல செயினுமாத் திரிஞ்சுதாம், வேலை வெட்டிக்கே போவாதாம். செத்து நொம்ப வருசமாச்சு, இன்னும் அந்தப் பக்கத்துக் காட்டை மைனர் காடுன்னுதான் சொல்லுவாங்க. சாமை என்னங்க பண்ணுச்சு, அது பாட்டுக்கு மழையப் பார்த்துட்டு நிக்குது.”

நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே சர்வே எண்ணைத் தட்டினேன். சிட்டா வந்தது. நிலத்துக்கு உரிமையாளர் என்ற இடத்தில் அம்மாசி பெயர் இல்லை. ஒரு ரிசார்ட் கம்பெனியின் பெயர் இருந்தது.

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் அதே கம்பெனி. அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “அதானுங்களா போன வாரம் வேலிக்கல்லு வந்து எறங்குச்சு? பக்கத்து எஸ்டேட்டுக்குன்னு நெனச்சோம்,” என்றாள் மெதுவாக.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். பத்திர நகலுக்கு மனுப் போட்டு ஒரு வாரத்தில் வாங்கினோம். 2012 செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி பதிவான கிரயப் பத்திரம். நிலத்தை விற்றவர் யார் என்றால், ‘மைனர் அம்மாசி, வயது 8, இவருக்காக இவரது தகப்பனாரும் கார்டியனுமான பெரியண்ணன்’. ஐந்தாம் வகுப்பில் பின்னல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்றரை ஏக்கரை முழு மனதோடு விற்றுவிட்டதாக முத்திரைத்தாளில் எழுதி வைத்திருந்தார்கள்.

மறுநாள் பெரியண்ணனைக் கூட்டி வரச் சொன்னேன். வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பத்திரத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

“பாதைக்குன்னாங்க சாமி. ஊடு வரைக்கும் ஜீப்பு வரோணும்னா எல்லாரும் ஓரமா நாலடி எழுதித் தரோணும்னு சொன்னாங்க. கீழ கூட்டிட்டுப் போயி, சாப்பாடு வாங்கிக் குடுத்து, கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்.”

“படிச்சுக் காட்டலீங்களா?”

“வேகமாப் படிச்சாங்க. மைனரு, மைனருன்னு வந்துச்சு. செரி, நம்ம மைனர் காட்டுலதான் அந்த நாலடி போவுதாக்கும்னு நெனச்சேன். அது கல்லுங்கரடுமாச் சும்மாத்தானே கெடக்குதுன்னு போட்டுட்டேன்.”

அந்த மனிதருக்கு மைனர் என்றால் செயின் போட்டுக்கொண்டு திரிந்த பெரியப்பன். பத்திரம் எழுதியவனுக்கு மைனர் என்றால் பதினெட்டு நிரம்பாத பிள்ளை. இவர் இப்படித்தான் நினைத்துக்கொள்வார் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது என்றா நினைக்கிறீர்கள்? அந்தப் பக்கத்தில் புரோக்கர் வேலை பார்க்கிற எவனுக்கும் மைனர் காடு எது என்று தெரியும். ‘உம் புள்ளையோட நெலம்’ என்று ஒரு வார்த்தை தமிழில் படித்திருந்தால் பெரியண்ணன் எழுந்து வந்திருப்பார். படிக்கவில்லை. ஒரு தகப்பன் தலையில் இதைவிட நைசாக மிளகாய் அரைக்க முடியாது.

பெரியண்ணன் மகள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாசிதான் அவர் தோளில் கையை வைத்து, “உடுப்பா, நீ என்னத்தக் கண்ட,” என்றாள்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் சிவசக்தி. என்னோடு பள்ளியில் படித்தவள், வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசுகிறவள். பஸ் பிடித்து, அடிவாரம் தாண்டி, மத்தியான வெயிலில் அவள் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்திரத்தைப் படித்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“மைனர் சொத்தை கார்டியன் விக்கணும்னா கோர்ட்டுல அனுமதி வாங்கியிருக்கணும். இதுல அதைப் பத்திப் பேச்சே இல்லை. இந்தக் கிரயம் செல்லாதுன்னு அம்மாசியே கேஸ் போடலாம். ஆனா ஒண்ணு, பதினெட்டு முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள போட்டாகணும். அதாவது இருபத்தொண்ணு முடியறதுக்குள்ள. வயசென்ன கண்ணு?”

அம்மாசி ஆதார் அட்டையையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் எடுத்து வைத்தாள். பிறந்த தேதி 14.06.2003. சிவசக்தி விரலை விட்டு எண்ணினாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

“போன மாசம் பதினாலாந் தேதியோட முடிஞ்சு போச்சே.”

“அந்தத் தேதி பொய்யிங்க,” என்றாள் அம்மாசி.

விஷயம் இதுதான். அம்மாசி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அவர்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது. இன்னும் குறைந்தால் ஒரு வாத்தியார் இடம் போய்விடும். தலைமையாசிரியர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வந்து ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார். ஐந்து வயது முடியாத பிள்ளைக்கெல்லாம் அவரே ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டு வயதை நிறைத்தார். அம்மாசி வகுப்பில் பதினோரு பிள்ளைகள், அதில் ஒன்பது பேர் ஜூனில் பிறந்தவர்கள். மஞ்சக்குட்டைப் பக்கம் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள் வருகிறது என்பதை நான் என் கடையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தமாஷாக இருக்கிறதே என்று நினைத்ததோடு சரி.

“அப்ப நெஜத் தேதி எது?” என்றாள் சிவசக்தி.

“2003 தீவாளி அம்மாசைங்க. ஊட்டுலதான் பொறந்தேன், எங்கயும் எழுதி வெக்கல. அம்மாசைல பொறந்ததாலதான் எனக்கு அம்மாசின்னு பேரே வெச்சாங்க.”

சிவசக்தி போனில் பழைய காலண்டரைத் தேடினாள். அந்த வருடம் ஐப்பசி அமாவாசை அக்டோபர் இருபத்தைந்து. ஜூன் பதினாலு என்ன நாள் என்று நானே எட்டிப் பார்த்தேன். பௌர்ணமி. பௌர்ணமியில் பிறந்த பிள்ளைக்கு எந்த வீட்டிலாவது அம்மாசி என்று பெயர் வைப்பார்களா? பெயரிலேயே சாட்சி நிற்கிறது. இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“எனக்குப் புரியுது கலா. ஜட்ஜுக்கும் புரியும். ஆனா எதிர்க்கட்சி வக்கீல் ஆதாரைத் தூக்கிக் காட்டுவான். பேரை வெச்சு மட்டும் நிக்க முடியாது, எழுத்துல ஒண்ணு வேணும். அக்டோபர் வரைக்கும் நேரம் இருக்கு. தேடுங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு விஷயம் எனக்குப் பொறி தட்டியது. பன்னிரண்டு வருடம் அந்தக் கம்பெனி அந்த நிலத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவும் மகளும் விதைத்ததை ஏனென்று கேட்கவில்லை. ஜூன் பதினாலு தாண்டியதும் ஜூலை முதல் வாரத்தில் கல் வந்து இறங்குகிறது. அவள் வயது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அம்மாசியிடமே கேட்டேன்.

“போன வருசம் அந்த ரிசார்ட்டுல ரூம் கிளீனிங்குக்குப் போனேனுங்களே அக்கா. மேனேஜரு விஜயகுமாரு அவராவே கூப்பிட்டாரு. ஆதார் ஜெராக்ஸ் கொண்டான்னாரு. உங்க கடைலதான எடுத்தேன்.”

எனக்கு ஞாபகம் இருந்தது. முன்னும் பின்னுமாக ஒரே தாளில் எடுத்துக் கொடுத்தேன். சில்லறை இல்லை என்றாள், பரவாயில்லை போ கண்ணு என்றேன். பெரிய மனசு எனக்கு. அவள் காலைத் தடுக்கிவிடக் கயிறு திரித்துக் கொடுத்தவள் நான்தான். அவர்கள் நாள் பார்த்துக் காத்திருந்தார்கள் என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவள் பேசிக்கொண்டே வந்தாள். பதினாலு வயதில் காபிப் பழம் பறிக்கிற சீசனில் ஒரு எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறாள். பெரிய பெண்கள் பறிக்கிற அளவு இவளும் பறிப்பாள். ஆனால் மைனர் என்று சொல்லி அரைக் கூலிதான். லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்த அன்று மட்டும் கூலிக் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஓடி வந்து, கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொல்வார். கூலிக்கு மைனர், இன்ஸ்பெக்டருக்கு மேஜர். பதினாறு வயதில் பழத்தின் தோலை உரிக்கிற மிஷினில் இடது கையின் இரண்டு விரல் மாட்டிக்கொண்டது. எஸ்டேட் நோட்டில் ‘மைனர் இஞ்சுரி’ என்று எழுதி, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“சின்னக் காயம்னாங்க. நானும் சின்னக் காயம்னுதான் நெனச்சேன்,” என்று விரலை நீட்டிக் காட்டினாள். மோதிர விரல் இன்றைக்கும் மடங்காது. அறுக்கக் கதிரைப் பிடிக்கும்போது அது மட்டும் தனியாக நிற்கும்.

அந்த நோட்டில் எழுதியவனுக்குத் தன்னுடைய விரல் இப்படி நின்றிருந்தால் ‘மைனர்’ என்று கை வந்திருக்குமா? எனக்கு அவனைப் பார்த்து இதை ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

பிறந்த தேதியைத் திருத்தலாம் என்று அடுத்த வாரம் ஒரு ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம், நான் தினமும் அங்கே போய்வர வேண்டியவள். ஜன்னலுக்குள் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“பேருல எழுத்துப் பிழையா?”

“இல்லீங்க, பொறந்த தேதி.”

“எழுத்துப் பிழைன்னா மைனர் கரெக்ஷன், இங்கயே பண்ணிடலாம். தேதின்னா மேஜர் கரெக்ஷன். பள்ளிக்கூடத்துல எழுதி வாங்கி, மேல அனுப்பி, ஆறு மாசம் ஒரு வருசம் ஆகும்.”

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய விஷயம் ஒன்று மேஜர் ஆனது. எதற்கு ஆனது பாருங்கள், அவளைத் திருப்பி அனுப்புவதற்கு. நான் அந்த ஜன்னலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அம்மாசி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டது. வேலிக்கல் பாதி நிலத்துக்கு நட்டாகிவிட்டது, சாமைப் பயிர் ஊடே வரிசையாக. பெரியண்ணன் காட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார் என்று அம்மாசி சொன்னாள். அன்றைக்கு அவள் கடையில் பத்திர நகல், மாற்றுச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு ஜீப் வர இன்னும் நேரம் இருந்தது.

அப்போது ஜாபெஸ் வந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். பழைய லத்தீன் கீர்த்தனைப் புத்தகங்களைப் படிப்பதற்காகவே அந்தப் பாஷையைத் தானாக உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறவி. ஒரு இசைத்தாளை நீட்டிப் பத்து நகல் கேட்டார். வாங்கிக் கண்ணாடியில் வைக்கப் போனேன். இப்போதெல்லாம் படித்துவிட்டுத்தான் வைக்கிறேன். மேலே ‘ஏ மைனர்’ என்று இருந்தது.

“உங்க பாட்டுக்குள்ளயும் வந்து உட்கார்ந்துட்டானா இந்த மைனர்?” என்று சீறினேன்.

பாவம், அவர் பயந்துவிட்டார். “என்னங்க ஆச்சு? மைனர்னா ஒரு சுரம் அரைப்படி எறங்கி நிக்கும். அவ்வளவுதானுங்க. அந்த அரைப்படியிலதான் பாட்டுக்கே அழுகை வருது.”

“கணக்குலயும் இருக்குதுங்க,” என்றாள் அம்மாசி. “வரிசையும் பத்தியுமா எண்ணு நிக்கிற அணியில ஒரு உறுப்பைப் பிடிச்சு, அது நிக்கிற வரிசையையும் அடிச்சுட்டு, பத்தியையும் அடிச்சுட்டு, மிச்சத்தை வெச்சுக் கணக்குப் போடறது. எங்க புஸ்தகத்துல சிற்றணிக்கோவைன்னு இருக்கும். சாரு இங்கிலீசுல மைனர்னு சொல்லுவாரு.” பையைத் தட்டி, “என்னயவும் அப்படித்தான் பண்ணிருக்காங்க. இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு,” என்றாள்.

ஜாபெசுக்குக் கதை தெரியாது. இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவர் இசைத்தாளை மறந்துவிட்டு நின்றார்.

“எல்லாம் ஒரே லத்தீன் வார்த்தைங்க. மினோர். எல்லாரும் அதுக்குச் சின்னதுன்னு அர்த்தம் சொல்றாங்க. தப்புங்க. அந்த பாஷையில சின்னதுக்கு வேற வார்த்தை இருக்குது. இது ‘அதைவிடச் சின்னது’. எதையாச்சும் பக்கத்துல கொண்டாந்து வெச்சாத்தான் இதுக்கு அர்த்தமே வரும். தனியா நின்னா அர்த்தம் கெடையாது.”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அப்படியானால் சாமை எதைவிடச் சின்னது? நெல்லைவிடவா? நெல் இந்த மலைச்சரிவில் ஒரு மழையைத் தாங்கி நிற்குமா? விரல் எதைவிடச் சின்னது, கழுத்தைவிடவா? பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு பண்ணுகிறவன் எவனோ அவன்தான் எல்லா இடத்திலும் ஜெயிக்கிறான். அம்மாசி, பெரியண்ணன் மாதிரி ஆட்களை எந்தக் காலத்திலாவது யாராவது கேட்டார்களா? இப்படி நான் பாட்டுக்குப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அம்மாசி நான் பேசியதில் ஒன்றையும் கேட்கவில்லை. பையிலிருந்து பத்திர நகலை எடுத்து மேஜையில் வைத்தாள். மாற்றுச் சான்றிதழை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்கக்கா, இதுல வயது எட்டுன்னு போட்டிருக்குது.”

“ஆமா, போட்டிருக்கு.”

“ஸ்கூல் தேதிப்படி பார்த்தா அன்னிக்கு எனக்கு ஒம்போது முடிஞ்சு மூணு மாசம்.”

நான் பத்திரத்தை என் பக்கம் திருப்பினேன்.

“இவங்க காயிதப்படி 2012 செப்டம்பர் பன்னண்டாந் தேதி எனக்கு ஒம்போது முடியல. அப்பிடின்னா பன்னண்டு வருசம் கழிச்சு இந்த செப்டம்பர் பன்னண்டாந் தேதியும் எனக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிருக்காது. இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்குதுங்க.”

அந்தப் பத்திரத்தை நான் பத்துத் தடவை படித்திருப்பேன். சிவசக்தி படித்தாள். எங்கள் எல்லோர் கண்ணும் ‘மைனர்’ என்ற வார்த்தையிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதற்கு இரண்டு வார்த்தை தள்ளி இருந்த எட்டு யார் கண்ணிலும் படவில்லை. கணக்கில் தொண்ணூற்றிரண்டு எடுத்தவள் கண்ணில் பட்டது.

அன்று சாயங்காலம் பெரியண்ணனிடம் போனில் கேட்டோம். பத்திரம் எழுதும்போது வயது கேட்டார்களா?

“கேட்டாங்க சாமி, பாதைச் சீட்டுக்கு ஊட்டுல யாரு யாரு, என்ன வயசுன்னு. பள்ளிக்கூடத்துச் சீட்டெல்லாம் எங்கிட்ட ஏது? வர்ற தீவாளிக்குப் புள்ளைக்கு ஒம்போது முடியுதுங்கன்னு சொன்னேன். எட்டுன்னு எழுதிக்கிட்டாங்க.”

அந்த மனிதர் அன்றைக்கு அந்த இடத்தில் தெரிந்து சொன்ன ஒரே விஷயம் அது. அது உண்மை. பள்ளிக்கூடம் பொய் எழுதியது, ஆதார் அந்தப் பொய்யைப் பார்த்து எழுதியது, எஸ்டேட் தனக்கு வேண்டிய நாளில் வேண்டிய வயதை எழுதிக்கொண்டது. அவளுடைய வயதை உள்ளபடி எழுதியிருந்த ஒரே காகிதம், அவளைக் கொள்ளையடிக்க எழுதிய காகிதம்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சிவசக்தியிடம் போனில் சொன்னோம். “என் கண்ணு அவிஞ்சா போச்சு,” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். “அவங்க பத்திரத்தை அவங்களே பொய்னு சொல்லட்டும் பார்க்கலாம். வயசு பொய்னா அப்புறம் அந்தப் பத்திரத்துல எதுதான் நெஜம்? நாளைக்கே அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.”

மனு தயாரானபோது நானும் கூட இருந்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது என்று டைப்பிஸ்ட் கேட்டுக்கொண்டே வந்தாள். வயது என்றதும் அம்மாசி என்னைப் பார்த்தாள். “நெசத்தச் சொல்லு கண்ணு,” என்றேன். இருபது என்றாள். டைப்பிஸ்ட் ஆதாரைப் பார்த்து இருபத்தொன்று ஆகிறதே என்றாள். “இருபதுதானுங்க,” என்று அம்மாசி மறுபடி சொன்னாள். இருபது என்று அடித்தார்கள்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி வழக்கு போட்டாகிவிட்டது. செப்டம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. வழக்கு முடிகிறவரை அந்த ஒன்றரை ஏக்கரில் கம்பெனி வேலி போடக்கூடாது, பயிரைத் தொடக்கூடாது, மனுதாரர் அனுபவத்தில் குறுக்கிடக்கூடாது. முழு வெற்றி இல்லை என்று சிவசக்தி சொன்னாள். வழக்கு இன்னும் நடக்கும், வருடக் கணக்கில்கூட நடக்கும். ஆனால் கதவு திறந்துவிட்டது, அதை இனி அவர்களால் மூட முடியாது என்றாள்.

உத்தரவு வந்த நாலாம் நாள் ரிசார்ட் மேனேஜர் விஜயகுமார் என் கடைக்கு வந்தார். நல்ல மரியாதையான ஆள், சட்டையில் மடிப்புக் கலையாது. அம்மாசி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு நகலைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார்.

“ஏனுங்கக்கா, இதுக்குப் போயி கோர்ட்டு கேசுன்னு அலைய வெச்சுட்டீங்களே. ஒரு மைனர் மேட்டருங்க இது. முதலாளி பேசி முடிச்சுக்கலாம்னு சொல்றாரு. நீங்க சொன்னாப் பாப்பா கேக்கும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாசி எழுந்து வந்தாள்.

“எதைவிடச் சின்னதுங்க?”

“என்ன கண்ணு?”

“மைனர் மேட்டர்னு சொன்னீங்களே. எதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்துச் சொன்னீங்க? உங்க ரிசார்ட்டுக்குப் பக்கத்துல வெச்சா? எங்கப்பனுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதுக்கு அப்புறம் வந்து பேசுங்க.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சிட்டா கேட்க வந்த அன்றைக்கு எந்தக் குரலில் பேசினாளோ அதே குரல். விஜயகுமார் என்னைப் பார்த்தார். நான் அம்மாசியைக் கை காட்டினேன். போன் வந்தது மாதிரி காதில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அம்மாசி உத்தரவை என்னிடம் நீட்டினாள்.

“இதை ஒரு காப்பி எடுத்துக் குடுங்கக்கா. அந்தப் பெரிய தாளுல.”

“ஏ த்ரீயா?”

“இருக்கறதுலயே பெரிசு எதுவோ அதுல. சின்ன எழுத்து வேண்டாங்க. பாதையில போற ஜீப்புல இருந்தே படிக்கோணும்.”

பெரிதாக்கி எடுத்தேன். ‘மனுதாரர் அம்மாசி, வயது 20’ என்ற வரி கட்டை விரல் உயரத்துக்கு வந்தது. மழை பட்டால் நனையாமல் இருக்க லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். காசு நீட்டினாள், வாங்கவில்லை. அந்த ஆதார் நகலுக்கு என்னால் செய்ய முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

மறுநாள் நானும் அவளோடு மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் போனேன். சாமை கதிர் விட்டுத் தலை சாய்ந்திருந்தது. பெரியண்ணன் வீட்டிலிருந்து இறங்கி வந்து ஓரமாக நின்றார். அம்மாசி கையில் கம்பியோடு பயிரை விலக்கிக்கொண்டு போய், பாதையைப் பார்த்து அவர்கள் நட்டு வைத்திருந்த முதல் வேலிக்கல்லிலேயே அந்த உத்தரவைக் கட்டினாள். மடங்காத அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. கட்டி முடித்ததும் பெரியண்ணன் கிட்டே வந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல் கடைசி வரை படித்தார்.